மென்பொருளுக்கும் ஒரு ஜமாபந்தி வேண்டும்

2020 அக்டோபர் 29 அன்று தெலங்கானாவின் அப்போதைய முதல்வர் கே.சந்திரசேகர ராவ் ‘தரணி’ என்ற நில நிர்வாக இணையதளத்தைத் தொடங்கிவைத்தார். விவசாய நிலத்தை விற்பவரும் வாங்குபவரும் தாசில்தார் அலுவலகத்துக்கு ஒருமுறை போனால் போதும். பத்திரம் பதிந்த கையோடு பட்டாவும் மாறிவிடும். பட்டா மாறுதலுக்காக மாதக்கணக்கில் நடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மூன்று ஆண்டுகள் போயின. 2023 சட்டமன்றத் தேர்தலில், தரணியை ஒழிப்போம் என்று ஊர் ஊராகச் சொன்ன கட்சி வென்று ஆட்சிக்கு வந்தது. 2025 ஏப்ரலில் தரணி போய், அதன் இடத்தில் ‘பூ பாரதி’ வந்தது.

ஓர் இணையதளத்தின் மீது விவசாயிகளுக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் என்ன? வேகக் குறைவு என்று யாரும் குறை சொல்லவில்லை. சுத்தமான கணக்கு உள்ளவர்களுக்கு அது சொன்னபடியே வேலை செய்தது. ஆனால், அதில் ஏற்றப்பட்ட கணக்குகளில் பிழைகள் இருந்தன. பட்டா நிலம் சில இடங்களில் தடை செய்யப்பட்ட நிலப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டது. பரப்பு குறைந்தது. பெயர் விடுபட்டது. தரணியைக் கொண்டுவந்த அதே வேகத்தில் கிராம வருவாய் அலுவலர் பதவியை அரசு ஒழித்திருந்தது. தாசில்தாரிடமிருந்த திருத்தும் அதிகாரத்தையும் எடுத்துவிட்டிருந்தது. பிழையைத் திருத்த வேண்டுமென்றால் இணையத்தில் விண்ணப்பித்து கலெக்டர் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அரை ஏக்கர் வைத்திருப்பவர் கோர்ட்டுக்குப் போவாரா?

நான் வருவாய்த் துறையில் கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து, வருவாய் ஆய்வாளராக இருந்து, துணை வட்டாட்சியராக ஓய்வுபெற்றவள். பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை 1980ல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்த பிறகு, தேர்வெழுதி இந்த வேலைக்கு வந்த தலைமுறை. கணக்குக் கட்டுகளைத் துணியில் முடிந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போன காலமும் எனக்குத் தெரியும். கைப்பேசியில் சிட்டா பார்க்கும் காலமும் தெரியும். கணினியை மனதார வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இதைச் சொல்ல உரிமை இருப்பதாக நினைக்கிறேன்: அரசின் டிஜிட்டல் திட்டம் ஒன்று ஜெயிக்குமா தோற்குமா என்பதைத் தொடக்க விழாவில் தெரிந்துகொள்ள முடியாது. அதில் ஒரு தவறு நேர்ந்தால், பாதிக்கப்பட்டவர் எட்டக்கூடிய தூரத்தில் உள்ள ஒருவர் அதைத் திருத்த முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறது என்றால் அந்தத் திட்டம் நிற்கும். முடியவில்லை என்றால் எத்தனை கோடி செலவழித்தாலும் நிற்காது.

தமிழ்நாட்டு நிலக் கணக்கிலிருந்தே இதைக் காட்டலாம். இன்று நம் கையில் உள்ள பட்டாவுக்கு அடித்தளம் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். கிராமத்தில் யு.டி.ஆர். என்றால்தான் புரியும். அதில்தான் ஏக்கர், சென்ட் எல்லாம் ஹெக்டேர், ஏர் ஆயின. பெரிய வேலை, நல்ல வேலையும்கூட. ஆனால் அவசரத்தில் அண்ணன் பெயர் ஏறி தம்பி பெயர் விடுபட்டது. பக்கத்துப் புல எண் மாறி விழுந்தது. அனுபவத்தில் இருந்தவர் ஒருவர், பட்டாவில் ஏறியவர் இன்னொருவர். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பின்னாளில் கணினியில் தட்டச்சு செய்தார்கள். காகிதத்தில் இருந்த பழைய பிழை அப்படியே உள்ளே போனது, தட்டச்சில் புதுப் பிழையும் சேர்ந்தது. இன்றைக்கும் கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் போய் நின்று பாருங்கள். ‘யு.டி.ஆர். தவறு’ என்று தலைப்பிட்ட மனு இல்லாமல் கூட்டம் முடியாது. அந்த மனு தாலுகா, கோட்டம், மாவட்ட வருவாய் அலுவலர் என்று ஏறி இறங்குவதற்குள் மனுதாரர் காலமாகி, வாரிசுகள் மனுப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

தென்மாவட்டத் தாலுகா ஒன்றில் நான் இருந்தபோது ஒரு மூதாட்டி கணினிச் சிட்டா நகலோடு வந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டிருக்கிறார். பத்து சென்ட்டுக்கு என்ன கடன் தருவது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரிடம் இருந்ததோ ஒரு ஏக்கர் புன்செய். “தாயி, என் காடு அங்கனதான் கெடக்கு. இந்தத் தாள்ல மட்டும் எப்படி தாயி சுருங்கிப் போச்சு?” என்று கேட்டார். நகலை வாங்கிப் பார்த்தேன். ஒரு ஏக்கர் என்பது 40.50 ஏர். அதில் 4.05 என்று இருந்தது. ஒரு புள்ளி ஓரிடம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதே வரியில் தீர்வைக் கட்டத்தைப் பார்த்தால் முழு ஏக்கருக்கான தீர்வை அப்படியே இருக்கிறது. பழைய ‘அ’ பதிவேட்டை எடுத்துப் பிரித்தால் பரப்பு சரியாக இருக்கிறது. தட்டச்சுப் பிழை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

ஆனாலும், மனு எழுதி வாங்கி, கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, வருவாய் ஆய்வாளர் அறிக்கை, நில அளவர் குறிப்பு, கோப்பு, உத்தரவு, பிறகு மென்பொருளில் ஏற்றி மேலே ஒப்புதல் என்று அது ஒரு முழுச் சுற்று வந்தது. அந்த ஆண்டு மழை பெய்து, விதைப்பும் முடிந்துவிட்டது. அவர் நகையை அடகுவைத்து விதைத்தார். திருத்திய நகலைக் கையில் கொடுத்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: வட்டியை யார் கட்டுவது?

காகிதக் காலத்திலும் பிழைகள் இருந்தன, இன்றையதைவிட அதிகமாகவே இருந்திருக்கும். ஆனால் அன்று ஒரு நோட்டில் உள்ள பிழை அந்த நோட்டிலேயே கிடக்கும். நிலம் யாருடையது, எவ்வளவு என்பது ஊருக்கும் தெரியும், கணக்குப் பிள்ளைக்கும் தெரியும். இன்று ஒரே பதிவை வங்கி படிக்கிறது, கூட்டுறவுச் சங்கம் படிக்கிறது, பயிர்க் காப்பீட்டுக்காரர் படிக்கிறார், சார்பதிவாளர் அலுவலகம் படிக்கிறது, விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் மத்திய அரசுத் திட்டமும் படிக்கிறது. புள்ளி ஒன்று நகர்ந்தால் எல்லாக் கதவும் ஒரே நாளில் மூடிக்கொள்கிறது. துறைகளை இணைக்க இணைக்கத் திருத்தும் வழியும் அந்த அளவுக்கு வேகமாக வேண்டும். நாம் இணைப்பதில் மட்டும் வேகம் காட்டினோம்.

இதற்கான மருந்து நம்மிடம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாக இல்லை. நூற்றாண்டு கடந்த பழக்கம் ஒன்று தமிழ்நாட்டின் ஒவ்வொரு தாலுகாவிலும் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதுதான் ஜமாபந்தி, வருவாய்த் தீர்வாயம். பசலி ஆண்டு ஜூலை 1ல் பிறக்கிறது. அது முடிவதற்கு முன், மே, ஜூன் மாதங்களில், கலெக்டரோ மாவட்ட வருவாய் அலுவலரோ கோட்டாட்சியரோ தாலுகா அலுவலகத்தில் வந்து உட்காருவார். ஃபிர்க்கா வாரியாகக் கிராமங்களை அழைப்பார்கள். கிராம நிர்வாக அலுவலர் தன் கணக்குகள் அத்தனையையும் மேசையில் வைக்க வேண்டும். அடங்கலில் எழுதிய பயிர் சரியா, தீர்வை வசூல் ஒத்துப்போகிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்ப்பார்கள். நில அளவைச் சங்கிலியைக்கூட மேசைக்குக் கொண்டுவரச் சொல்லிச் சரிபார்ப்பதுண்டு. அளக்கிற கருவியே தவறாக இருந்தால் மற்றதெல்லாம் தவறு என்று அந்தக் காலத்து அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கிறது. வெளியே வேப்பமரத்தடியில் அந்தக் கிராமத்து மக்கள் மனுவோடு நிற்பார்கள். கணக்கு எழுதியவர், கணக்குக்கு உரியவர், திருத்த அதிகாரம் உள்ளவர் மூவரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இருப்பார்கள். கடைசி நாள் குடிகள் மாநாடு.

எல்லா ஜமாபந்தியும் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் அது சடங்காகிவிட்டது. ஆனால் அதன் அமைப்பில் ஓர் அறிவு இருக்கிறது: கணக்கில் பிழை இருக்கும் என்று அரசே முன்கூட்டி ஒப்புக்கொண்டு, அதைத் தேடித் திருத்த ஆண்டுக்கு ஒரு காலத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது. நம் டிஜிட்டல் திட்டங்களில் எதிலாவது இப்படி ஒரு காலம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? புதுப் பதிப்பு வரும், புதுப் பெயர் வரும், புதுச் செயலி வரும். உள்ளே இருக்கும் பதிவை உரியவர் முன்னால் வைத்து ‘சரியா பாருங்கள்’ என்று கேட்கும் நாள் மட்டும் வருவதில்லை.

கர்நாடகத்தில் ஒருமுறை கேட்டார்கள். அங்கே நிலப் பதிவுகளைக் கணினிக்கு மாற்றிய ‘பூமி’ திட்டம் 2000வாக்கில் நடைமுறைக்கு வந்தபோது நான் பணியில் இருந்தேன். எங்கள் துறையில் அதைப் பற்றிப் பேசாதவர் கிடையாது. ஏறக்குறைய 2 கோடி நிலப் பதிவுகள், 67 லட்சம் விவசாயிகள், 177 தாலுகாக்கள். அதற்கு முன் 1991லேயே குல்பர்காவில் ஒரு முன்னோட்டம் நடந்திருந்தது. ஆனால், தரவை ஏற்றினார்களே ஒழிய அன்றாட மாற்றங்களை அதில் பதியும் ஏற்பாடு இல்லாததால் பழைய முயற்சிகள் பலன் தரவில்லை. நேற்றைய நிலவரத்தைக் காட்டும் கணக்கு யாருக்கு வேண்டும்? ராஜீவ் சாவ்லா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி பொறுப்பேற்ற பிறகு ஏற்றிய பதிவுகளை அச்செடுத்து அந்தந்த கிராமக் கணக்கரிடமே கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். அதற்கு மேலே உள்ளவர்களும் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே கணினிக் கணக்கு செல்லுபடியானது. ஒரு தாலுகாவில் கணினி நகல் வந்துவிட்டால் அங்கே கைப்பிரதி செல்லாது என்று அறிவித்தார்கள். இரண்டு கணக்கும் ஓடினால் தரகர் தனக்கு வேண்டிய கணக்கைக் காட்டுவார் என்பது வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நான் மிகவும் மதிப்பது அந்தக் கவுன்ட்டரில் செய்த ஒரு சிறிய ஏற்பாட்டை. விவசாயியின் பக்கம் பார்த்தபடி இன்னொரு திரை. ஊழியர் என்ன தட்டச்சு செய்கிறாரோ அது அவருக்கும் தெரியும். அன்று 15 ரூபாய் கட்டி நகல் கேட்டு நின்ற மனிதர், தன் பெயர் தப்பாக விழும்போதே ‘இல்லீங்க’ என்று சொல்ல முடிந்தது. மொத்தத் திட்டச் செலவில் அந்த இரண்டாவது திரைக்கு என்ன ஆகியிருக்கும்? எங்கள் மூதாட்டியின் கணக்கைத் தட்டச்சு செய்தபோது அப்படியொரு திரை அவர் பக்கம் திரும்பியிருந்தால், படிக்கத் தெரியாத அவரே கூடப் பேரனைக் கூட்டிவந்து பார்த்திருப்பார். ஆனால், அப்போது பதிவுக்கு இவ்வளவு என்று கூலி பேசி மூடிய அறையில் வைத்து ஏற்றினார்கள். எவ்வளவு ஏற்றினோம் என்று கேட்டார்கள். எவ்வளவு சரி என்று கேட்கவில்லை.

பூமி திட்டத்துக்கும் குறைகள் உண்டு. பெங்களூருவைச் சுற்றி நிலம் வளைப்பவர்களுக்கே அந்தக் கணினிக் கணக்கு வசதியாகப் போனது என்று ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். அந்த விமர்சனத்தை நான் ஒதுக்கவில்லை. கணக்கு வெளிச்சத்துக்கு வந்தால் பணபலம் உள்ளவர் கண்ணும் அதன் மேல் விழத்தான் செய்யும். ஆனாலும், நகல் கேட்டுக் கணக்கர் வீட்டு வாசலில் நிற்கும் அவலத்திலிருந்து சிறு விவசாயிகள் மீண்டார்கள் என்பதும் உண்மை.

திருத்தும் அதிகாரத்தைக் கீழே கொடுத்தால் லஞ்சம் பெருகும் என்பார்கள். எங்கள் துறைக்கு உள்ள பெயர் எனக்குத் தெரியாதா? தெலங்கானாவில் கிராம வருவாய் அலுவலர் பதவியை ஒழித்ததற்கும் அந்தக் காரணத்தைத்தான் சொன்னார்கள். ஆனால் லஞ்சத்துக்குப் பயந்து திருத்தும் ஆளையே எடுத்துவிட்டால், தவறு அங்கேயே வேர்பிடித்துவிடும். கடைசியில் புதிய அரசு கிராமத்துக்கு ஓர் அலுவலரைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. வேண்டியது வேறு. யார் திருத்தினார், எப்போது திருத்தினார், முன்பு என்ன இருந்தது என்ற தடம் அழியாமல் நிற்க வேண்டும். பூமியில் பாஸ்வேர்டை நம்பாமல் ஊழியரின் கைரேகையை வாங்கினார்கள். நான் செய்யவில்லை, என் பாஸ்வேர்டை வேறு யாரோ பயன்படுத்திவிட்டார் என்று பிறகு சொல்ல முடியாது.

அந்த வாக்கியத்தின் விலை என்னவென்று தமிழ்நாடு 2020ல் தெரிந்துகொண்டது. பிரதமரின் விவசாயிகள் உதவித்தொகைத் திட்டத்தில் தாமே பதிவுசெய்துகொள்ளும் வசதி வந்தது. கொரோனா காலம். அலுவலர்களின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வெளியாட்கள் கைக்குப் போயின. ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்களும், சிலருக்குத் தெரியாமலேயே, விவசாயி ஆனார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியற்றவர்கள் ஐந்தரை லட்சம் பேர் வரை சேர்க்கப்பட்டதாகவும் 110 கோடி ரூபாய் போனதாகவும் அரசே சொன்னது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது; பணத்தைத் திரும்ப வசூலிக்க வீடு வீடாகப் போனார்கள். மோசடி செய்தவர்களுக்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் ஓர் அலுவலரின் பாஸ்வேர்டு எப்படி வெளியே போகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

எப்படிப் போகிறது என்று நான் சொல்கிறேன். ஒரு கிராம நிர்வாக அலுவலருக்குச் சான்றிதழ் விண்ணப்பங்கள் ஒரு லாகினில், பட்டா மாறுதல் ஒரு லாகினில், அடங்கல் ஒரு லாகினில், வெள்ளம் வந்தால் நிவாரணக் கணக்கு ஒன்று, தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் ஒன்று. ஒவ்வொன்றையும் வெவ்வேறு துறை, வெவ்வேறு அறையில் உட்கார்ந்து வடிவமைத்தது. பகலில் ஊருக்குள் விசாரணை, கூட்டம், பந்தோபஸ்து. சர்வர் இரவில்தான் ஒழுங்காகக் கிடைக்கும். பக்கத்து வீட்டுப் படித்த பையனிடமோ கணினி மையத்திலோ பாஸ்வேர்டைக் கொடுத்து ‘ஏத்திவிடுப்பா’ என்று சொல்லும் நிலை இப்படித்தான் வருகிறது. அது தவறு; ஆனால் அந்தத் தவறுக்கான மேடையை அமைத்தது யார்? 2024 இறுதியில் பயிர்க் கணக்கை டிஜிட்டலில் எடுக்கும் வேலையைக் கிராம நிர்வாக அலுவலர்கள் ஏற்க மறுத்தபோது, வேளாண் கல்லூரி மாணவர்களை வயலுக்கு அனுப்பினார்கள். பாம்பும் முள்ளும் உள்ள வரப்பில் படிக்கிற பிள்ளைகள் கைப்பேசியோடு நடந்தார்கள். புது வேலையைத் தலையில் ஏற்றும் முன் பழைய வேலையில் எதை இறக்குவது என்று ஒருவரும் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை. ஆளைக் கேட்காமல் செய்த மென்பொருளை ஆள் ஏமாற்றத்தான் செய்வார், அல்லது ஒதுங்கிக்கொள்வார்.

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். உட்பிரிவு தேவையில்லாத முழுப் புலம் விற்பனையானால், பத்திரம் பதிந்ததும் பட்டா தானாக மாறும் ஏற்பாடு இன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. பதிவுத் துறை மென்பொருளும் வருவாய்த் துறையின் ‘தமிழ்நிலம்’ மென்பொருளும் கைகோத்ததால் வந்த பலன். எங்கள் காலத்தில் இதற்காக மக்கள் கால் தேய நடந்தார்கள், நானே வெட்கப்பட்டிருக்கிறேன். ஆனால் அது நடக்க, விற்பவர் பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். பட்டாவில் ‘முனியாண்டி மகன் கருப்பன்’. ஆதாரில் ‘கருப்பையா எம்’. பத்திரத்தில் ‘மு.கருப்பையா சேர்வை’. ஊரில் மூன்றும் ஒரே ஆள் என்பது குழந்தைக்கும் தெரியும், கணினிக்குத் தெரியாது. அப்பன் இறந்து பட்டா இன்னும் அவர் பெயரிலேயே கிடக்கும் வீடுகள் ஒரு கிராமத்தில் எத்தனை! தானியங்கிப் பட்டாவின் பலன் முதலில் கிடைப்பது ஏற்கெனவே கணக்கைச் சுத்தமாக வைத்திருப்பவருக்கு. பெயர் ஒத்துப்போகாதவருக்கு ஊரில் உள்ளவரின் கண் வேண்டும்.

ரேஷனில் இந்தக் கண்ணைத் தமிழ்நாடு விட்டுவிடவில்லை. 2020 அக்டோபரில் கைரேகைப் பதிவு வந்தபோது, ரேகை விழவில்லை என்பதற்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்று உத்தரவிட்டார்கள். வயல் வேலையில் தேய்ந்த விரல்களுக்காக அரசு செய்த நல்ல காரியம் அது. கடைக்காரருக்கு அந்தப் பாட்டியைத் தெரியும். அந்த அறிமுகத்துக்கு மதிப்பு கொடுத்தார்கள். வேறு சில மாநிலங்களில் இயந்திரம் மறுத்ததால் வெறும் பையோடு திரும்பியவர்களின் கதைகளைப் படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஓர் அரசு நம்பிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் சாட்சி. அங்கே அஞ்சலகக் கிளைகளுக்காக 1999 முதல் ‘ஹரைசன்’ என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். ஃபுஜிட்சு செய்து கொடுத்தது. கிளைக் கணக்கில் இல்லாத பற்றாக்குறையை அது காட்டியது. கிளை நடத்தியவர்கள் கணினியில் ஏதோ தவறு என்று கதறினார்கள். அப்படிச் சொல்பவர் நீங்கள் ஒருவர்தான் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னதாகப் பாதிக்கப்பட்ட பலர் கூறியிருக்கிறார்கள். 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். சிறைக்குப் போனார்கள், வீட்டை இழந்தார்கள், சிலர் உயிரை விட்டார்கள். 2019ல்தான் லண்டன் உயர் நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தது. தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்ய 2024 மே மாதம் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. பணக்கார நாடு, படித்த நாடு, பெரிய நிறுவனம். கீழே உள்ளவர் ‘தப்பு’ என்று சொன்னதைக் காது கொடுத்துக் கேட்க ஓர் இடம் மட்டும் இல்லாமல் போனது.

நம் ஊரில் என்ன செய்யலாம்? ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. மே 1 அன்று ஒன்று. அதற்கு முன்பே அந்தக் கிராமத்தின் கணினிச் சிட்டாவை, பெயர், தந்தை பெயர், புல எண், பரப்பு என்று பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டட்டும். சபையில் வாசிக்கட்டும். என் நிலத்தின் பரப்பை ஊர் அறிய வாசித்தால் நான் கேட்பேன், என் பங்காளியும் கேட்பார், எல்லைக்காரரும் கேட்பார். பொய் நுழைவது கடினம். அங்கே வரும் ஆட்சேபங்களை அப்படியே ஜமாபந்திக்குக் கொண்டுபோகட்டும். புள்ளி நகர்ந்தது, எழுத்து மாறியது, தந்தை பெயர் பிழை என்பது போல ஆவணத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிகிற தவறுகளை அந்த மேசையிலேயே, மனுதாரர் பார்க்கும் திரையிலேயே திருத்த வேண்டும். உரிமைத் தகராறு வேறு. அது விசாரணைக்குப் போகட்டும். இரண்டையும் ஒரே கோப்பில் கட்டுவதுதான் இன்றைய தாமதத்துக்குப் பாதிக் காரணம்.

அந்த மேசையில் இன்னொரு நாற்காலியும் போட வேண்டும். மென்பொருளை எழுதியவர்களில் ஒருவர் தாலுகாவுக்கு ஒருநாளாவது அங்கே வந்து உட்கார வேண்டும். தான் வைத்த ‘கட்டாயம் நிரப்புக’ என்ற கட்டத்தால் ஒரு விதவை எத்தனை முறை திரும்பிப் போகிறார் என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும். இதைக் குற்றம் சொல்லும் எண்ணத்தில் சொல்லவில்லை. அரசு மென்பொருள்களை எழுதும் தேசிய தகவலியல் மையத்தில் (என்.ஐ.சி.) நான் பார்த்த இளைஞர்கள் நல்ல உழைப்பாளிகள்; அவர்களுக்குக் களத்திலிருந்து வருவது சுற்றறிக்கையும் மின்னஞ்சலும்தான், மனிதர்கள் வருவதில்லை. திட்டத்தின் தலைமை அதிகாரியையும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றாமல் இருக்க வேண்டும். புதிதாக வருபவர் பழைய திட்டத்தின் பிழையைத் திருத்துவதைவிட, தன் பெயர் சொல்ல ஒரு புதுச் செயலியைத் தொடங்குவதையே விரும்புவார்.

ஒவ்வொரு தாலுகாவிலும் இந்த ஆண்டு எத்தனை பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டன, எத்தனை எவ்வளவு நாளில் திருத்தப்பட்டன என்று அரசு வெளியிட வேண்டும். அதிகப் பிழைகளைக் கண்டுபிடித்த தாலுகாவைத் திட்டக் கூடாது, பாராட்ட வேண்டும். இத்தனை கோடிப் பரிவர்த்தனைகள் நடந்தன என்று விளம்பரம் கொடுக்கிறோம். அதில் எத்தனை முறை ஒரே ஆள் ஒரே வேலைக்காகத் திரும்பத் திரும்ப வந்தார் என்பது அந்த எண்ணுக்குள் மறைந்துகிடக்கிறது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழக அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் கொடுத்தால் உங்கள் சிட்டா வரும். கைப்பேசி எண்ணுக்கு ஓ.டி.பி. வரும், அவ்வளவுதான். இன்றே எடுத்துப் பாருங்கள். பெயர், தந்தை பெயர், புல எண், உட்பிரிவு எண், பரப்பு ஐந்தையும் உங்கள் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். ஊரில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுடையதையும் பார்த்துச் சொல்லுங்கள். தவறு இருந்தால், நிலம் விற்கும் அவசரம் வரும்வரை காத்திருக்காமல் வரும் ஜமாபந்தியில் மனுக் கொடுங்கள். பழைய பட்டா, பத்திர நகல், வில்லங்கச் சான்றிதழ் மூன்றையும் இணையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.